நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை

மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம், தாம்பாளத்தை நீட்டிய கையோடு, சுவரில் கடிகாரம் எங்கே மாட்டியிருக்கிறது என்றுதான் முதலில் தேடினேன். சில வீடுகளில் கடிகாரம் நின்றுபோய்க் கிடக்கும். ஓடாத கடிகாரத்தை எதற்கு மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனை எடுத்துப் பார்த்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்களே என்று, முந்தானைக்குள் மறைத்து வைத்துப் பார்ப்பேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம் இரண்டே கால். வீட்டில் எங்கள் நாய் அடக்கிக்கொண்டு படுத்திருப்பான்.

அடக்கிக்கொண்டு என்றது மூத்திரத்தை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த நாட்களில் என் உயிரே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பதின்மூன்று வயது. பத்திரிகை அச்சுக்குப் போன வாரம் மூத்திரப்பையில் இருந்த கல் வழியை அடைத்துவிட்டது. ஒரு பகல் முழுக்கக் காலைத் தூக்கித் தூக்கி நின்று பார்த்தான், ஒரு சொட்டு வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டர் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். கை கழுவிக்கொண்டே, "இனி அடக்க மட்டும் உடாதீங்க. நாலு மணி நேரத்துக்கு ஒருக்காப் போயே ஆகோணும். மறுபடியும் அடைச்சா இந்த வயசுக்குத் தாங்காதுங்க" என்றார்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் போகட்டும், துடைத்துவிட்டால் ஆயிற்று என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவன் வீட்டுக்குள் போக மாட்டான். செத்தாலும் போக மாட்டான். அப்படிப் பழக்கியது நான்.

நான் சுத்தக்காரி. எங்கள் வீட்டில் தரையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால் அது என் கண்ணுக்கு மட்டும் பூசணிக்காய் அளவு தெரியும். என் கணவர் கோவையில், கணபதி பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு மழை நாளில் பட்டறையிலிருந்து, எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்டில் சுற்றி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். பொமரேனியனும் தெருவும் பாதிப் பாதி. உடம்பெல்லாம் கிரீஸ். மாடி வீட்டில் நாயா என்று நான் போட்ட சண்டையில் கீழ் வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டேன். தரையில் ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால் குட்டி பட்டறைக்குத் திரும்பிப் போய்விடும்.

மூன்றே வாரம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. வயிற்றுப்போக்கு வந்தபோதுகூட வாசற்கதவைப் பிறாண்டி, படி இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்க் காலி மனைக்குப் போய்த்தான் வெளிக்கு இருந்தான். வந்தவர் போனவர் எல்லோரும் எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்பார்கள். மிரட்டித்தான் என்று பெருமையாகச் சொல்வேன். எனக்குப் பெருமையில் குறைச்சலே கிடையாது.

பூனை கதை வேறு. அவள் ஐந்து வருடம் முன்பு சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தாள், இன்றுவரை வெளியே போகவில்லை. மண் நிரப்பிய தட்டு வைத்திருக்கிறேன். அவள் தட்டுக்குள் ஏறி நின்று, சுற்றி வந்து, மண்ணைத் தோண்டி, எல்லாம் செய்துவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொள்வாள். சோபாவின் ஒரு கையில் பஞ்சு தெரிகிறது. திரைச்சீலையின் கீழ்ப்பாகம் நூல் நூலாகத் தொங்குகிறது. இன்வெர்ட்டர் மேல் சூடாக இருக்கும் என்று அங்கேதான் தூக்கம். அவள் முடி விழாத சாமானே வீட்டில் இல்லை. பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி மேஜையில் காயப் போட்டிருந்தேன். நடுவில் புகுந்து ஒரு நடை நடந்துவிட்டாள். கோவையின் பெரிய மனிதர்கள் பல பேருக்கு எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, மஞ்சளில் ஒட்டிய பூனை முடியோடுதான் போய்ச் சேர்ந்தது.

அவளை நான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் வந்தபோது எனக்கு வயதாகிவிட்டது, முட்டிவலி வந்துவிட்டது, அவள் முட்டிமேல் படுத்தால் இதமாக இருந்தது. நாய்க்கு இருந்த சட்டம் பூனைக்கு இல்லை. அவள் தட்டுக்கு வெளியே அசிங்கம் செய்யும்போதெல்லாம் அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பான். நான் பேசாமல் துடைப்பத்தை எடுத்து வருவேன். இது அநியாயம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒன்பது நாள் அவன் என் கட்டிலடியில் கிடந்தான். என் கணவர் பட்டறைக்குப் போய்விடுவார், மகன் பெங்களூரில். பகல் பூராவும் அவனும் நானும்தான். ஒருநாள் குளியலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவன் குரைத்த குரைப்பில், நாய் என்றாலே நடுங்கும் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து என்னைத் தூக்கினார். அவன் மேல் எனக்கு உயிர். இதை அவர்களிடம் இவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் நானில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் சொன்ன அன்றே ஆரம்பித்தேன். பால்கனியில் பேப்பர் விரித்தேன். நர்சரியில் மண்ணோடு பெயர்த்த புல் பத்தைகள் வாங்கிவந்து குளியலறையில் பரப்பினேன். எதிர்க் காலி மனையிலிருந்து ஒரு முறம் மண் அள்ளி வந்து, நாய் முகர்ந்த கல் ஒன்றையும் கூடவே எடுத்து வந்து வைத்தேன். குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரைக் கட்டிவிட்டபோது, அதைக் கட்டிய இடத்திலேயே ஆடாமல் அசையாமல் இரண்டு மணி நேரம் நின்றான், நான் அவிழ்த்துவிடும் வரைக்கும். "போ கண்ணு, இங்கயே போ, ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று கெஞ்சினேன். அவன் காதை மடக்கிக்கொண்டு வாசற்கதவைப் பார்த்தான். வேலைக்கு வருகிற அக்கா கூப்பிட்டால் சாப்பிடுவான், மருந்துகூட விழுங்குவான், ஆனால் படியிறங்க மாட்டான். என் கணவர் அல்லது நான். அதிலும் பட்டறை நாற்றம் பழகிய இந்த நாயை, பட்டறைக்காரரே இரண்டு தடவை கூப்பிட வேண்டும். நான் செருப்பு மாட்டினாலே போதும்.

இந்த லட்சணத்தில் கல்யாணத்துக்கு அழைக்கப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது பத்திரிகை இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதைவிடக் கேவலம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு வைத்து, வாய்நிறையக் கூப்பிட வேண்டும். ஒருத்தர் மட்டும் போனால், இன்னொருத்தருக்கு நம்மைக் கூப்பிட மனசில்லை போலிருக்கிறது என்று பேச்சாகிவிடும். போனதும் வைத்துவிட்டுத் திரும்பவும் முடியாது. உட்கார வேண்டும். மோர் வரும். அப்புறம் காபி வரும். வேண்டாம் என்றால் பால் வரும். எதுவும் வேண்டாம் என்று எழுந்தால், "ஏனுங்க, எங்கூட்டுத் தண்ணி ஆகாதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி வரும். உட்கார்ந்துவிடுவேன்.

மதுக்கரைக்குப் போனபோது அவனைக் காரிலேயே கூட்டிப் போய்ப் பார்த்தோம். உக்கடம் தாண்டுவதற்குள் வாந்தி. போன வீட்டில், மங்கல காரியத்துக்குக் கூப்பிட வருகிறவர்கள் கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டா வருவார்கள் என்பது போல வாசலிலேயே நின்று பார்த்தார்கள். "உள்ள வாங்க, அதையும் கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொன்னார்கள். சொன்ன தோரணையில் நான் அவனை வெளியிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன், என் கணவர் தனியாக உள்ளே போய் வந்தார். அது ஒரு குறையாகிவிட்டது என்று பிறகு காதுக்கு வந்தது. அதோடு அவனைக் கூட்டிப் போவதை விட்டோம்.

அன்னூரில்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். என் கணவருக்குத் தூரத்துச் சித்தப்பா வீடு. மூன்று மணி நேரம் தாண்டிவிட்டது, கோழி அடித்துவிட்டார்களாம், சமையலாகிக்கொண்டிருக்கிறதாம். எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். சின்னம்மா, "ஏனம்மணி, ஒடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டுவிட்டார். வாய் தானாகத் திறந்தது.

"ஊட்டுல பெரியவரு ஒருத்தரு முடியாம இருக்காருங்க சின்னம்மா. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா நான் பக்கத்துல இருந்து பாக்கோணும். வேற ஆருகிட்டயும் ஒத்துக்க மாட்டேங்கறாருங்க."

என் கணவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஆனால் அந்த வீடே எழுந்து நின்றுவிட்டது. இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். பெரியவர் யார் என்று கேட்டதற்கு, இவருக்கு வேண்டியவர் என்றேன். அடுப்பில் இருந்த கோழியை இறக்கித் தூக்குப் போணியில் ஊற்றி, நோயாளிக்கென்று ஒரு சீப்புச் செவ்வாழையும் கையில் கொடுத்து, காரின் கதவைச் சாத்திவிட்டு அனுப்பினார்கள். அவனை விட்டுவிட்டுப் போன மூன்று மணி நேரம் ஐம்பதாவது நிமிடத்தில் வீட்டில் இருந்தேன். அவன் காலி மனையில் நின்று நிதானமாகப் பெய்தான். பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் இல்லாமல் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்ததும் பெரியவரை எடுப்பேன். அவருக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, மூத்திரக் கோளாறு மட்டும்தான் என்று விவரமெல்லாம் கொடுத்தேன். பொய்யிலும் முக்கால்வாசி உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். என் கணவர் காரில் ஏறியதும் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அவரும் பழகிவிட்டார். ஒரு வீட்டில் நான் மறந்துபோனபோது அவரே, "பெரியவருக்கு மாத்திர நேரமாச்சு" என்று எடுத்துக் கொடுத்தார்.

நம் சனங்களின் நல்ல குணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அன்னூர்ச் சித்தப்பாவும் சின்னம்மாவும் சாத்துக்குடிப் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வாசலில் நிற்கிறார்கள். பெரியவரைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். நாயை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். தூங்குகிறார், ஆட்கள் வந்தால் தொற்று வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அடித்து விட்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளே அவன் இருமினான். அவனுக்கு வயதான பிறகு வந்த இருமல் அசல் கிழவன் இருமல், கடைசியில் ஒரு காறலோடு முடியும். சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கஸ்டப்படுறாரு போலங்க" என்றார். என் கணவர் திடீரென்று பால்கனிக்குப் போய்விட்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அது முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டது. பட்டியலில் இன்னும் எத்தனை வீடு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம், இதே யோசனை. அப்போதெல்லாம் சாதாரண நாளில்கூட என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காய் நறுக்கும்போது எழுந்துபோய் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறதா, இளக்கமாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டால் அவனுக்கும் சலித்துப் போகாதா? எழுந்து வேறு மூலைக்குப் போவான். நான் பின்னாலேயே போவேன்.

பட்டியலில் பவானிதான் கடைசி. முறைப்படி பார்த்தால் முதல் பத்திரிகை அங்கேதான் போயிருக்க வேண்டும். என் கணவரின் அக்கா வீடு. நங்கையா என்று நான் கூப்பிடுகிற அவர், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அத்தையாக முன்னால் நிற்க வேண்டியவர். மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். கடைசியாகப் போகிறோமே என்ற உறுத்தல் எங்களுக்கு இருந்தது. போகவர நாலு மணி நேரம், அங்கே ஒரு மணி நேரம். ஐந்து மணி நேரம் ஒரே ஒரு நாள் தாங்கமாட்டானா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு அவனைக் கீழே கூட்டிப் போய், நன்றாகப் பெய்தபிறகு வீட்டில் விட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நங்கையா எங்களுக்காக வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தார். தம்பி வருகிறார் என்று அக்கம்பக்கத்துச் சொந்தபந்தம், ஒறம்பரைகள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சமையல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பத்தரை மணிக்கு நான் அடுக்களைக்குள் போய், பந்தி இல்லாமல் பலகாரம் மட்டும் போதும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நங்கையா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அன்னூர்ல இருந்து போன் பண்ணிச் சொன்னாங்க. ஆரு அம்மணி அந்தப் பெரியவரு? எனக்குத் தெரியாம என்ற தம்பி ஊட்டுல படுத்திருக்கறது ஆரு?"

இந்த வீட்டில் பெரியவர் செல்லுபடியாக மாட்டார் என்பது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை என்று தெரியவில்லை. எங்கள் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் செத்து, எடுத்துப் போட்டபோது முன்னால் நின்றவர் நங்கையா. அவருக்குத் தெரியாத ஒரு பெரியவரை நான் எங்கேயிருந்து கொண்டுவருவது? சொல்லிவிட்டேன். நாய்தான் என்றேன், கல் அடைத்தது, டாக்டர் சொன்னது, நான் போனால்தான் படியிறங்குவான் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் உயர்ந்துவிட்டது.

நங்கையா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவர் என் கன்னத்தைத் தடவினார்.

"வாயில்லாச் சீவன், பாவந்தான் கண்ணு. அதுக்காக மகன் கல்யாணத்துக்குக் கூப்புட வந்த ஊட்டுல கை நனைக்காமப் போறதா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போயிருக்கலாம். கார்ச் சாவி என் கணவரிடம் இருந்தது, கேட்டால் கொடுத்திருப்பார். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. ஆனால் ஒரு வீட்டில் இலை போடுகிற நேரத்தில் எழுந்து போவது என்பது எங்களுக்கு வராது. பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, உயிர் போனாலும் உட்கார்ந்திருப்போம். அன்று போகக்கூடியது என் உயிர் இல்லை என்பதுதான் வித்தியாசம். வேலைக்கு வருகிற அக்காவுக்குப் போன் செய்தேன். நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாராம், வாசற்கதவருகே படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்கிறானாம். அவர் அடுத்த வீட்டு வேலைக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டே காலுக்கு இலை போட்டார்கள். பாயசம் ஊற்றியபோது மணி ஒன்று. எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பெண் வீட்டைப் பற்றி ஏதோ கேட்டார், நான் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொன்னதில் எதற்கு ஆமாம் சொன்னேனோ தெரியாது. எழுந்து கை கழுவியதும் கிளம்பலாம் என்று பார்த்தால், கல்யாணத்துக்கென்று நங்கையா சொல்லி நெய்து வாங்கிய இரண்டு பெரிய ஜமக்காளங்கள் வந்தன. பிரித்துக் காட்டி, எல்லோரும் ஓரம் பிடித்துப் பார்த்து, மறுபடி மடித்து, கார் டிக்கியில் அடங்காமல் பின்சீட்டில் ஏற்றி முடிக்க இரண்டு மணி ஆனது. நான் நங்கையாவின் காலில் விழுந்து எழுந்தபோது அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "மொகமே செரியில்ல, கல்யாண அலைச்சல்" என்றார்.

வழியெல்லாம் நான் என் கணவரைத் திட்டினேன். லாரியைத் திட்டினேன், டோல்கேட்டைத் திட்டினேன், ஜமக்காளத்தைத் திட்டினேன். அவர் வண்டியை விரட்டி ஓட்டினார். அவிநாசி தாண்டியபிறகு எனக்குத் திட்டவும் ஆளில்லாமல் போய்விட்டது. அவன் போயிருந்தால் நான்தான் காரணம் என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு விட்டது. நாலு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்ன உயிரை ஒன்பது மணி நேரம் பூட்டி வைத்துவிட்டுப் பாயசம் குடித்திருக்கிறேன்.

படியேறும்போது உள்ளே சத்தமில்லை. சாவியை என் கணவர் வாங்கித் திறந்தார். அவன் கதவுக்கு நேர் பின்னால் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். வெளியே ஓட வேண்டும் என்று அவசரப்பட்டதில் பின்னங்கால் டைல்ஸில் வழுக்கியது. மறுபடி ஊன்றி எழுந்தான். வாசற்படிக்கு ஒரு முழம் இருக்கும்போது அவனுக்கு வந்துவிட்டது. நின்ற நிலையில், ஹாலிலேயே, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று என் கணவர் சொன்னார். எனக்குக் கை இரண்டும் தானாகக் கூப்பிக்கொண்டன. மஞ்சளாக டைல்ஸ் மேல் பரவி என் செருப்பைத் தொட்டது. என் வாழ்க்கையில் அந்தத் தரை அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வயிறு தரையில் தேயத் தேயப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். நகர்ந்து போய், வளர்ந்துவிட்ட உடம்பை சோபாவுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தான். தலை மட்டும்தான் நுழைந்தது. முதுகு வெளியே நடுங்கியது. பின்பக்கத்தை ஒடுக்கி, வாலைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு, அடி விழும் இடத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றான்.

மிரட்டித்தான் பழக்கினேன் என்று இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். மிரட்டவில்லை, அடித்தேன். என் கணவர் பட்டறைக்கும் மகன் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, அந்த மூன்று வாரமும், உள்ளங்கை அளவு இருந்த குட்டியைத் துடைப்பத்தின் கட்டைப் பக்கத்தால் அடித்தேன். இதே சோபாவுக்கு அடியில்தான் போய் ஒளியும், கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்து மறுபடி அடிப்பேன். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. எனக்கு மறந்தும் போய்விட்டது. அவனுக்கு மறக்கவில்லை. பதின்மூன்று வருடம் என் காலடியில் படுத்தவன், நான் விழுந்தபோது ஊரைக் கூட்டியவன், இன்று உயிர்போகிற வலியிலும் அந்த அடிக்குப் பயந்துதான் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

பட்டுச்சேலையோடு அந்த ஈரத்தில் உட்கார்ந்தேன். என் கணவர், "சேலை போச்சு, எந்திரி, நான் தொடைக்கறேன்" என்றார். நான் எழவில்லை.

"வா கண்ணு. அடிக்க மாட்டேன்" என்று சொன்னேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடித்தது அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. "இனி அடிக்கவே மாட்டேன், வாடா" என்று மறுபடியும் சொன்னேன்.

பூனை இன்வெர்ட்டர் மேலிருந்து இறங்கி வந்து, ஈரத்தை முகர்ந்து பார்த்து, பாதத்தை உதறிவிட்டுப் போனாள். அவன் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபிறகும் என் கையைப் பார்த்தான், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். மெல்ல மெல்ல வந்தான். ஈரத்தின் ஓரம் வரைக்கும் வந்து, அதில் கால் படாமல் நின்றுகொண்டான். மடியைத் தட்டிக் கூப்பிட்டேன், அவன் தாண்டி வரவில்லை. கடைசியில் நான்தான் அவனிடம் நகர்ந்து போனேன்.